ஆவக்காய் ஜாடிகளை வெயிலில் வைத்தவன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் எலுமிச்சம்பழத்திடம்தான். பழத்தைக் கையில் வாங்கினால் போதும், எந்த மண்ணில் விளைந்தது, எத்தனை நாளில் தோல் சுருங்கும், எவ்வளவு உப்புக் குடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். சைக்கிள் கேரியரில் தகர டின்னைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாக ஊறுகாய் விற்றவன், இன்று புளியங்குடியில் மூன்று கொட்டகை போட்டு ஊறுகாய் போடுகிறேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மை பெருமையாக இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

நம் வியாபாரிகள் சங்கத்தின் போன வருஷ மலரில் நான் சிலோன் போய்வந்ததை எழுதியிருந்தேன். படித்தவர்கள் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். இந்த வருஷம் ஹைதராபாத்தை எழுதுகிறேன். சிலோனில் நான் செய்த தப்பு ஒன்றுமில்லை. இதில் இருக்கிறது.

போன காரியம் இதுதான். நம் சங்கச் செயலாளர் மாடசாமி அண்ணாச்சியின் மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தான். என் மகள் வடிவு ஹைதராபாத்தில் பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில் இருபது பேரை வைத்து வேலை வாங்குகிறவள் என்பது ஊருக்கே தெரியும். தெரியும்படி நான்தான் சொல்லி வைத்திருந்தேன். "எம்மக ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது" என்று கூட்டத்தில் நான் சொல்ல, மறுநாள் காலையிலேயே அண்ணாச்சி பையனுடைய பயோடேட்டாவைப் பழுப்புக் கவரில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். கவரை மஞ்சள் பையில் வைத்தேன். மகளுக்குக் கொடுக்க நானூறு எலுமிச்சம்பழத்தைச் சாக்கில் கட்டினேன். கிளம்பிவிட்டேன்.

ரயிலில் எனக்கு எதிரே குண்டூர்க்காரர் ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, நம் கொட்டகை ஊறுகாயில் ஒரு துண்டு அவருக்கும் வைத்தேன். வாயில் போட்டுச் சப்பிவிட்டு மனைவியிடம் என்னவோ சொன்னார். அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மேல்படுக்கையில் இருந்த சென்னைக்காரரிடம் அர்த்தம் கேட்டேன். காய்ச்சல்காரருக்குக் கொடுக்கலாம், ரொம்பச் சாதுவான ஊறுகாய் என்று சொன்னாராம். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

செகந்திராபாத்தில் இறங்கியதும் மருமகன் கணேசன் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அவர் மத்திய சர்க்கார் வேலையில் இருக்கிறவர். பொறுமைசாலி. நான் பொறுமைசாலி இல்லை. கால்மணி நேரம் பார்த்துவிட்டு, கண்டக்டரிடம் 'சைனிக்புரி' என்று மூன்று தடவை சொல்லிப் பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஒரு மேட்டில் டிரைவர் பிரேக் போட்டார். சாக்கின் வாய் அவிழ்ந்து நானூறு பழமும் பஸ் முழுக்க உருண்டன.

நம் ஊராக இருந்தால் பாதிப் பழம் ஜன்னல் வழியாகப் போயிருக்கும். இங்கே டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். ஆபீஸ் போகிற பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிற பையன்கள், பர்தா போட்ட பாட்டியம்மா, எல்லாரும் குனிந்து பொறுக்கிச் சாக்கில் போட்டார்கள். அந்தப் பாட்டியம்மா மட்டும் ஒரு பழத்தை முகர்ந்து பார்த்து என்னிடம் காட்டி, எடுத்துக்கொள்ளட்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். இரண்டாக எடுத்துக்கொள்ளச் சொல்லி விரலைக் காட்டினேன். இந்தக் கலாட்டாவில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டது.

ரோட்டோரம் சாக்கோடு நின்று தமிழில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் போன ஒருவர் திரும்பி வந்தார். பெயர் ஞானராஜ். ரயில்வேயில் இருந்து ரிட்டையர் ஆனவர். அவர் தாத்தா காலத்திலேயே பட்டாளத்தோடு ஆற்காட்டுப் பக்கமிருந்து செகந்திராபாத் வந்து தங்கிவிட்ட கிறிஸ்தவக் குடும்பமாம். மருமகன் பெயரைச் சொல்லிவிட்டு நான் சாக்கைத் தூக்கப் போனேன். "நக்கோ நக்கோ, நீங்க தூக்காதீங்க பெரியவரே. கணேசன் சார் மாமனாரா? ஹவ், ஆமா, நம்ப எதிர்வீடுதான்" என்று சாக்கை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டார்.

சைனிக்புரி பட்டாளத்துக்காரர்களுக்காக ஏற்பட்ட குடியிருப்பு. மரங்களைப் பார்த்தாலே தெரியும், வரிசை தப்பாமல் நிற்கின்றன. மகள் இருந்த வீடு ஒரு மேஜருடையது. அவர் பிள்ளையோடு வெளிநாட்டுக்குப் போய்விட, வீட்டோடு பின்பக்கத்து அரை ஏக்கரையும் இவர்கள் வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள். ஆறு மாமரம். புளிச்சக்கீரை, கத்தரி, தக்காளிப் பாத்திகள். மூலையில் இரண்டு எலுமிச்சை. எலுமிச்சைக்குத் தண்ணீர் அதிகம் விடுகிறார்கள் என்பதை வாசலில் இருந்தே கண்டுகொண்டேன்.

வராந்தா முழுக்கப் பூசணி வடகமும் கொத்தவரை வத்தலும் காய்ந்துகொண்டிருந்தன. சமையலறை அலமாரியில் பாட்டில் பாட்டிலாகத் தக்காளித் தொக்கு, புளிச்சக்கீரைத் தொக்கு, உப்பிலிட்ட பச்சைமிளகாய். எல்லாம் தோட்டத்தில் விளைந்ததாம். பொழுதுபோக்காகச் செய்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். அவள்தான் பல மாதமாக "வீட்லேருந்தே வேலை பாக்கேம்ப்பா" என்று போனில் சொல்லிக்கொண்டிருந்தாளே. கம்பெனியே என் மகள் வீடு தேடி வந்துவிட்டது என்று அதையும் ஊரில் சொல்லியிருந்தேன்.

சோறு பரிமாறும்போது அவள் கையைப் பார்த்தேன். நகக்கண்ணில் மஞ்சள், விரல் நுனியெல்லாம் மிளகாய் எரித்துத் தோல் உரிந்த தழும்பு. ஒருநாள் இரண்டுநாள் வேலையில் அப்படி ஆகாது. ஊறுகாய்க்காரன் கையை எனக்குத் தெரியாதா. தெரிந்தது. கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வருமோ என்று புளிச்சக்கீரைத் தொக்கைப் பிசைந்து உச்சந்தலை வியர்க்கச் சாப்பிட்டேன். அண்ணாச்சி கொடுத்த கவரை எடுத்துக் கொடுத்தேன். அவள் பிரிக்காமல் ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடியும்போதே தோட்டத்தில் மாங்காய் பறித்து முடித்திருந்தார்கள். ஆவக்காய் போடும் நாள். கூடமாட வேலை செய்ய சீதம்மா என்று ஒரு பெண்மணி வந்திருந்தார். என் மனைவி வயது இருக்கும், குண்டூர்ப் பக்கம். ரயிலில் சிரித்த அம்மாளின் ஊர் என்றதும் எனக்கு முதலிலேயே பிடிக்கவில்லை.

அவர்கள் செய்ததை நான் குற்றம் சொல்லமாட்டேன், பார்த்ததைச் சொல்லுகிறேன். மாங்காயைக் கழுவி ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தார்கள். ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் சீதம்மா திருப்பிக் கொடுத்துவிடுவார். மரக்கட்டையில் பொருத்திய பெரிய கத்தியில் கொட்டை ஓட்டோடு துண்டு போட்டார்கள். உள்பருப்பை எடுத்துவிட்டு ஓட்டை மட்டும் சதையோடு விட்டார்கள், துண்டு குழையாமல் இருக்குமாம். பச்சைக் கடுகுப்பொடி, மிளகாய்ப்பொடி, உப்பு, வெந்தயம், பூண்டு. மேலே காய்ச்சாத நல்லெண்ணெய். கடுகை வறுக்கவில்லை, எண்ணெயைச் சுடவைக்கவில்லை. நான் வாயைத் திறந்தேன். வடிவு என்னைப் பார்த்து, "அப்பா, நீங்க எதையும் தொடாம இருங்க, அது போதும்" என்றாள். கலந்ததை எட்டு ஜாடியில் அமுக்கி, இருட்டறையில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மூன்றாம் நாள்தான் திறந்து கிளற வேண்டுமாம்.

எதற்கு எட்டு ஜாடி என்று கேட்டதற்கு, ஆபீஸ் சிநேகிதர்கள் கேட்டிருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிப்போவார்கள் என்றாள். அதில் ஒருவர் ஆபீஸ் கேன்டீனைக் கவனிக்கிறவர், அவருக்குப் பிடித்தால் வருஷம் முழுக்கக் கேன்டீனுக்கு இங்கிருந்துதான் போகும் என்று மருமகன் எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு இரண்டுபேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மருமகன் வேலைக்குப் போனார். வடிவும் சீதம்மாவும் கண்ணாடிப் பாட்டில் வாங்கச் சனத்நகர் போய்விட்டார்கள். நான் தனியாள். இருட்டறைக் கதவைத் திறந்தேன்.

முதல் ஜாடியின் மூடியை எடுத்துப் பார்த்தால் களிமண் மாதிரி இறுகிக் கிடக்கிறது. மேலே எண்ணெயே இல்லை. விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் வெறும் உப்பு. மகள் பெயர் ஆபீஸ் முழுக்கக் கெடப்போகிறதே என்று பட்டது. நம் ஊரில் ஊறுகாய்க்கு வெயில்தான் தாய்ப்பால். உப்பிலிட்ட பழத்தை ஜாடியில் போட்டு, வாய்க்கு வெள்ளைத்துணி கட்டி, நாள் தவறாமல் வெயிலில் காட்டுவோம். வெயிலைக் கண்டால்தான் காய் தண்ணீர் விடும், மசாலா இறங்கும். அதையே செய்தேன். எட்டு ஜாடியையும் ஒவ்வொன்றாகக் கட்டிப்பிடித்துத் தூக்கி முற்றத்தில் வைத்தேன். அறுபத்தாறு வயதில் இதை எத்தனைபேர் செய்வார்கள். மூடிகளை எடுத்துவிட்டு என் வேட்டியைக் கிழித்து வாய்க்கட்டுக் கட்டினேன். ஹைதராபாத் வெயில் நல்ல வெயில், தலையில் அடுப்பை வைத்தது மாதிரி. சரியான வேலை செய்தோம் என்று சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கடியில் படுத்தேன்.

நம் ஊரில் மழை சொல்லிவிட்டுத்தான் வரும். மேற்கு மலை கறுக்கும், காற்றில் குளிர் தட்டும், களத்தில் காய்வதையெல்லாம் அள்ளிவைத்துவிட்டு ஒரு டீயும் குடிக்க நேரம் இருக்கும். பிறந்ததிலிருந்து மலையைப் பார்த்தே மழையைத் தெரிந்துகொண்டவன் நான். இங்கே மலை எங்கே இருக்கிறது. புழுதிக்காற்று ஒன்று கதவை அறைந்தது. எழுந்து உட்காருவதற்குள் கல் மாதிரி மழை. ஓடிப்போய் மூன்று ஜாடியை உள்ளே இழுத்தேன். நாலாவதைத் தூக்கும்போது துணிக்கட்டு வழியாகத் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கால்மணி நேரத்தில் மழை நின்று மறுபடியும் வெயில் அடித்தது, ஒன்றுமே நடக்காதது மாதிரி.

அவர்கள் ஆட்டோவில் வந்து இறங்கியபோது நான் ஐந்து ஜாடிக்கு நடுவில் நனைந்து நின்றுகொண்டிருந்தேன். சீதம்மா ஒவ்வொரு ஜாடியாகக் குனிந்து முகர்ந்து பார்த்தார். உள்ளே இருந்த மூன்றையும் பார்த்தார். பிறகு தெலுங்கில் ரெண்டே வார்த்தை சொல்லிவிட்டு, எனக்குத் துடைத்துக்கொள்ளத் துண்டு எடுத்துவரப் போனார். என்ன சொன்னார் என்று வடிவிடம் கேட்டேன். மூன்று தப்பியது என்றாராம். அந்த அம்மாள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான் சும்மா இருக்கக் கூடாதா. பேச்சை மாற்றுவதாக எண்ணி, ஊறுகாய் போனால் போகட்டும், நீ படித்த படிப்புக்கு இது எதற்கு, ஆபீஸ் வேலையைப் பார் என்றேன். வடிவு முற்றத்துப் படியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, எனக்கு வேலை போயி எட்டு மாசம் ஆவுது."

அமெரிக்காவில் ஏதோ பேங்குகள் விழுந்ததில் இங்கே ஆளைக் குறைத்திருக்கிறார்கள். இருபது பேரையும் அனுப்பச் சொல்லி, கடைசியில் அவளையும் அனுப்பிவிட்டார்களாம். பெங்களூரில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். புருஷனை விட்டுவிட்டு அங்கே ஹாஸ்டலில் ஒற்றையாகத் தங்கவேண்டும். கேன்டீன் அமைந்தால் போகவேண்டாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறார்கள். இத்தனையும் அந்த எட்டு ஜாடியை நம்பி.

எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"ஊருக்குள்ள எம்பேரச் சொல்லி நிமிந்து நடக்குதீய. அத எதுக்குக் கெடுக்கணும்னுதான்."

"ஏட்டி, ஊறுகா கிண்டவா ஒன்னப் படிக்க வச்சேன்" என்று வாயில் வந்துவிட்டது.

அவளுக்குக் கோபம் வரவில்லை. தன் விரலை விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ஊர்ல யாரு வேணா அப்பிடிக் கேக்கட்டும். நீங்க கேக்கலாமாப்பா? இந்தக் கையிதான என்னப் படிக்க வச்சுது."

கடைசியில் அவள் காட்டியது தன் கையை இல்லை, என் கையை. நான் எழுந்து தோட்டத்துக்குப் போய்விட்டேன். அந்த எலுமிச்சைகளுக்குத் தண்ணீர் சரியாகத்தான் விட்டிருந்தார்கள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் நாள். தப்பிய மூன்று ஜாடியைத் திறந்தார்கள். நான் களிமண் என்று நினைத்தது ரத்தச் சிவப்பாக நெகிழ்ந்து, மேலே இரண்டு விரல் எண்ணெய் மிதந்தது. அது தானாகவே நடக்கிற காரியமாம், இருட்டும் மூன்று நாளும்தான் வேண்டும். சிநேகிதர்கள் எட்டுபேர் வருவார்கள், ஜாடி மூன்றுதான் இருக்கிறது. மழையில் போய்விட்டது என்று மட்டும் சொன்னால் போதாதா என்று மருமகன் மெதுவாகக் கேட்டார். என் முகத்துக்காகத்தான் கேட்டார்.

அவர்கள் கேட்டைத் திறந்து உள்ளே வந்ததும் நானே முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெலுங்கும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. எதிர்வீட்டு ஞானராஜைக் கூப்பிட்டேன். "நான் சொல்லுததச் சொல்லுதபடியே சொல்லணும், ஒண்ணும் கூட்டக் கூடாது" என்றேன். அவர், "ஹவ், சொல்லுங்க" என்றார்.

முப்பத்தெட்டு வருஷமாக ஊறுகாய் போடுகிறவன் நான் என்று ஆரம்பித்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று எண்ணி, மகள் தொடாதே என்று சொன்னதைத் தொட்டேன். நிழலில் இருக்கவேண்டிய ஜாடியை வெயிலில் வைத்து மழையில் கெடுத்தேன். தப்பு என்னுடையது, அவள் கைப்பக்குவத்தில் தப்பில்லை. இவ்வளவுதான் சொன்னேன். ஞானராஜ் அதை மூன்று மடங்கு நேரம் சொன்னார். என்ன கூட்டினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் ரயிலில் சிரித்த மாதிரி இல்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். ஜாடியைக் கொட்டிக் கிளறி முடித்ததும், அந்த அகலப் பாத்திரத்தில் ஒட்டிய மசாலாவைக் கழுவமாட்டார்கள். சுடுசோற்றை அதிலேயே கொட்டி, நெய் விட்டுப் பிசைந்து, உருண்டை பிடித்து ஆளுக்கொன்று கையில் கொடுப்பார்கள். போட்டவர் கையால்தான் கொடுக்கவேண்டும். கம்ப்யூட்டர்காரர்கள் எட்டுபேரும் தரையில் உட்கார்ந்து கை நீட்டினார்கள். வடிவு வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் எனக்கும் ஒன்று. காதுக்குள் விசில் அடித்தது. கடுகு மூக்கில் ஏறி, பின்னாலேயே மாங்காய்ப் புளிப்பு வந்து இறக்கியது. குண்டூர்க்காரர் நம் ஊறுகாயைச் சாது என்றது நியாயம்தான். இதை எழுத எனக்குப் பதினைந்து நாள் பிடித்தது.

கேன்டீனைக் கவனிக்கிறவர் இரண்டாம் உருண்டைக்குக் கை நீட்டினார். தின்று முடித்து, விரலை வழித்துவிட்டு, இங்கிலீஷில் வடிவிடம் ஒன்று சொன்னார். ஞானராஜ் எனக்குச் சொன்னார்: "பின்னால காய்க்கிற மரத்து மாங்கா எறங்குனதும் அடுத்த தபா கேன்டீனுக்குத்தான் மொதல்ல வேணுமாம். அன்னிக்கி மட்டும் பெரியவர வூட்டுக்குள்ள பூட்டி வைக்கச் சொல்றாரு." மூன்று ஜாடியையும் வீட்டுப் பங்கோடு ஒன்பது பங்காகப் பாட்டில்களில் பிரித்து, எட்டை எடுத்துப்போனார்கள். ஒருவரும் குறைவென்று முகம் சுளிக்கவில்லை.

கெட்ட ஐந்து ஜாடித் துண்டுகளை நான் விடவில்லை. கழுவி மொட்டை மாடியில் பரப்பினேன். அடுத்த மூன்று நாளும் பக்கத்தில் குடையோடு உட்கார்ந்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சீதம்மா இரண்டு தரம் மோர் கொண்டுவந்து கொடுத்தார். மாங்காய் வத்தலாகிவிட்டது. விற்பதற்கில்லை, குழம்பில் போட ஆகும். திங்கட்கிழமை மாலை மாடிக்கு வந்து, பெங்களூருக்கு வரமுடியாது என்று எழுதிவிட்டதாக வடிவு சொன்னாள். நான் கைத்தூசியைத் தட்டிவிட்டு ஒரு துண்டைத் திருப்பிப் போட்டேன்.

கிளம்பும்போது ஃபிரிட்ஜ் மேலிருந்த கவரை அவளே எடுத்துவந்து மஞ்சள் பையில் வைத்தாள். தன் பங்கில் இருந்து ஒரு பாட்டில் ஆவக்காயும் வைத்தாள். ரயில் ஆட்டத்தில் மூடி கொஞ்சம் விட்டுவிட்டது போலிருக்கிறது.

ஊருக்கு வந்ததும் நேரே சங்கத்துக்குத்தான் போனேன். நாலுபேர் இருந்தார்கள். மாடசாமி அண்ணாச்சியிடம் கவரைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாதிக் கவர் சிவப்பாக நனைந்து எண்ணெய் மணத்தது. பிரிக்கவே இல்லையே, இது என்ன கறை என்று கேட்டார்.

பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன். "அதுதான் அண்ணாச்சி, எம்மக இப்ப பாக்குத வேலை" என்றேன்.